நனைந்த கோணி

எங்கள் கம்பெனிக்கு வாசனை பிடிக்கும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. முறுக்கை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினால் போதுமாம். எண்ணெய் காறியிருக்கிறதா இல்லையா என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடுமாம். ருசி பார்க்கும் பேனலை இனி மாதத்துக்கு ஒரு முறை கூட்டினால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதைச் சொன்னவள் ஹேமா. நான் ஓய்வு பெற்றபோது அவள் லேபுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இப்போது பேனலே அவள் பொறுப்பில் இருக்கிறது.

"மெஷின் வர்றதுக்கு முன்னாடி எப்படி வேலை பாத்தீங்கன்னு நீங்க எழுதித் தரணும் சார். முக்கியமா அந்தக் கடலை உருண்டை விஷயம். புதுசா சேர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கப் போறோம்" என்று போனில் கேட்டாள்.

கடலை உருண்டை விஷயத்தை நான் இதுவரை ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஐம்பது தடவையும் பொய்தான் சொல்லியிருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த ஒரு தடவையாவது உண்மையை எழுதிவிடுகிறேன். அந்தக் கெட்ட கடலையைக் கண்டுபிடித்தது என் நாக்கு இல்லை. என் மூக்கும் இல்லை. என் மனைவி கன்னியம்மாளின் மூக்கு.

அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திருப்போரூரில் நாங்கள் கட்டிய வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். எனக்கு வாசனை தெரியாது. பால் கெட்டிருக்கிறதா என்று பார்க்கக் காய்ச்சித்தான் ஆக வேண்டும், திரிந்தால் கெட்டது. நேற்றைய குழம்பு ஊசிப்போயிருக்கிறதா என்று கேட்க ஆள் கிடையாது. அதனால் எல்லாப் பாத்திரத்திலும் தேதி எழுதிய சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு நாள் கேஸ் அடுப்பைச் சரியாக மூடாமல் கோயிலுக்குப் போய்விட்டேன். எதிர் வீட்டு ரமணிதான் வாசம் பிடித்து ஓடிவந்து, பின்பக்கக் கதவை நெட்டித் திறந்து அடுப்பை மூடினாள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முப்பது வருடம் ருசி பார்த்தவன் வீட்டில் கேஸ் நாறியிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாமல்லபுரம் சாலையில் அந்தக் கம்பெனி ஒரு பெரிய கொட்டகைதான். முறுக்கு, காராசேவு, மிக்சர், அவ்வளவுதான் சரக்கு. நான் வேதியியல் படித்துவிட்டு வந்து எண்ணெய்க் காறலை அளக்கும் வேலையில் உட்கார்ந்தேன். முறுக்கை இடித்து, அதிலிருந்து எண்ணெயைப் பிரித்து, மருந்து கலந்து, மாவுக் கரைசல் விட்டால் நீல நிறம் வரும். அந்த நீலம் மறையும் வரை சொட்டுச் சொட்டாக இன்னொரு கரைசலை விட்டு, எத்தனை சொட்டு என்று எழுத வேண்டும். பழகப் பல வருடம் ஆகிற வேலை இல்லை. ஒரு மாதத்தில் கை படிந்துவிட்டது. நாக்கைப் பழக்க மட்டும் நான்கு வருடம் ஆயிற்று.

பழக்கியவர் சபாபதி சார். லேபுக்குத் தலைவர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்னப் பித்தளைக் கரண்டியும் வைத்திருப்பார். யாரையும் நீ என்று கூப்பிட்டதில்லை. கூட்டுகிற அம்மாவைக்கூட நீங்கதான். பேனலில் உட்காருகிறவர்களுக்கு அவர் போட்ட விதிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். காலையில் காபி கூடாது, வெற்றிலை கூடாது, நெற்றியில் சந்தனம் கூடாது, தலையில் மல்லிகை கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது. பேனலில் உட்கார்ந்த பெண்கள் பூவை லேபுக்கு வெளியே ஒரு கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே வருவார்கள்.

உள்ளே ஆறு தடுப்புகள் இருக்கும். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. எதிரே வெறும் சுவர், மேலே சிவப்பு பல்பு. முறுக்கு சிவந்திருக்கிறதா கருகியிருக்கிறதா என்று கண் முந்திக்கொண்டு தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அந்த பல்பு. சுவரில் ஒரு சின்னச் சன்னல் திறந்து, எண் எழுதிய மூடி போட்ட கிண்ணங்கள் வரும். முகர வேண்டும், கடிக்க வேண்டும், மென்று துப்ப வேண்டும். வாயைக் கழுவ வெந்நீரும் உப்பில்லாத பொரியும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போட வேண்டும். பேசக் கூடாது. ஒருவர் 'ச்சூ' கொட்டினால் அடுத்தவர் நாக்கு கெட்டுப்போகும் என்பார் சார்.

தின்பண்டம் என்பதே நாலு பேர் கூடி உட்கார்ந்து தின்னத்தானே. எனக்கோ முப்பது வருடம் சுவரைப் பார்த்துத் தனியாகத் தின்பதே வேலையாக இருந்தது. அது அப்போது உறைக்கவில்லை. இப்போது சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடும்போது, இதற்கும் எனக்குப் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

சார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அபிப்பிராயம் வேணாம். அடையாளம் சொல்லுங்க."

நல்லா இருக்கு, நல்லா இல்லை என்பது அபிப்பிராயம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த வாசனை, அது எதைப் போல, வாயில் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று சொன்னால் அது அடையாளம். அதைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டி வரைக்கும், மாவு மில் வரைக்கும் போய்த் தப்பைக் கண்டுபிடிக்கலாம்.

இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கன்னியம்மா கல்யாணமான புதிதில் எள் போட்டு முறுக்கு சுட்டுத் தட்டில் வைத்துவிட்டு, "எப்டி கீது?" என்று ஆசையாகக் கேட்டாள். நான் மென்று பார்த்துவிட்டு, "ஏழு. மாவு இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கணும்" என்றேன். அவள் சிரித்தாள். அடுத்த முறையும் கேட்டாள். அப்போதும் ஏழுதான். எத்தனையோ வருடம் ஏழும் எட்டுமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது போட்டதே இல்லை. ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

கன்னியம்மாளுக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. திருக்கழுக்குன்றம் பக்கம் அவள் ஊர். அவள் வீட்டில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. சின்ன வயதில் அம்மாவோடு கடலை உடைக்கும் களத்துக்குக் கூலிக்குப் போனவள். நாள் முழுக்கக் கடலைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மூக்கு அது. ஆனால் அந்த மூக்கின் அருமை எனக்குத் தெரிந்தது என் மூக்கு போன பிறகுதான்.

ஊரையே முடக்கிப் போட்ட அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. உடம்பு தேறியது, வாசனை திரும்பவில்லை. லேபில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் போயிற்று. அவர்களுக்கெல்லாம் மூன்று வாரம், ஒரு மாதத்தில் வந்துவிட்டது. நான் காத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மீன் வறுக்கிற கடைகளின் வரிசை. கன்னியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். நான் சும்மா நடந்தேன்.

"இன்னாய்யா, உனக்கு நாறல? அந்தாளு எத்தினி நாள் எண்ணெயில பொரிச்சிகினு கீறான்!" என்றாள்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கடல் கண்ணெதிரே இருக்கிறது, காற்று முகத்தில் அடிக்கிறது, ஆனால் கடல் வாசனை இல்லை. சொல்லிவிட்டேன். வேலை போய்விடும், இத்தனை வருடம் கட்டிக்காத்த பேரும் போய்விடும் என்று சின்னப் பிள்ளை போல அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கிண்ணத்துல கீறத வூட்டுக்குக் கொஞ்சம் எடுத்தா. நான் மோந்து பாத்து சொல்றேன். நீ போயி எழுதிக்கோ. இதுக்குப் போயி ஏன் இப்டி பேஜாராவுற?" என்றாள்.

அவளுக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காய்ச்சல் கண்டு திரும்புகிறவர்களுக்குச் சார் ஒரு பரிசோதனை வைத்திருந்தார். துணி சுற்றிய எட்டுக் குப்பிகள். ஏலக்காய், கிராம்பு, பெருங்காயம், காபித்தூள், இப்படி. முகர்ந்து பேர் சொல்ல வேண்டும். நான் எட்டையும் சரியாகச் சொன்னேன். காரணம் சாமர்த்தியம் இல்லை. அந்தக் குப்பிகளைப் பத்து வருடமாக நிரப்பி வைத்தவன் நான்தான். எந்த மூடியில் கீறல், எந்த மூடியில் நசுங்கல் என்று என் விரலுக்குத் தெரியும். சார் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. மறுநாள் பேனலுக்குப் போக வேண்டிய கிண்ணங்களை முந்தின நாள் சாயங்காலமே எண் போட்டு அறையில் வைத்துப் பூட்டுவோம். சாவி என்னிடம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்துக் காகிதத்தில் மடித்து, எண்ணை எழுதி, டிபன் டப்பாவில் போட்டுக்கொள்வேன். சரக்கு லேபை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சாரின் விதி. அதை நான் தினமும் மீறினேன்.

கன்னியம்மா முகத்தைக் கழுவி, தலையிலிருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்காருவாள். பூ கூடாது என்று நான்தான் என்றைக்கோ சொல்லியிருந்தேன். மடிப்பைப் பிரிப்பாள், கண்ணை மூடுவாள், முகருவாள். அப்புறம் அவள் வாயிலிருந்து வருகிற வார்த்தைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதவை. காறிய எண்ணெயை "வெளக்குத் திரி, நேத்து எரிஞ்சி அணைஞ்சது" என்றாள். சரியாக வறுபடாத அரிசி மாவை "சுண்ணாம்பு அடிச்ச புதுச் செவுரு" என்றாள். அடுக்கி மூடி வைத்த கம்பு முறுக்கு ஒன்றை முகர்ந்துவிட்டு, "கம்பு நல்ல கம்புதான். ஆனா சூடு ஆர்றதுக்குள்ள மூடிட்டாங்க. பாவம், வேர்த்துப் போயி கீது" என்றாள். நான் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து அவ்வளவு பேசியது அந்த நாட்களில்தான். மூக்கு போன பிறகுதான் என் வீட்டில் எனக்குத் துணை கிடைத்தது.

காலையில் தடுப்புக்குள் உட்கார்ந்து, உப்பு, இனிப்பு, மொறுமொறுப்பு இவற்றை நானே பார்ப்பேன். அதற்கு மூக்கு வேண்டாம். மற்றதெல்லாம் அவள் சொன்னது. சார் என் தாளைப் படித்துவிட்டு, "தேவராஜ், காய்ச்சலுக்கு அப்புறம் உங்க பாஷையே மாறிடுச்சே" என்றார். அந்த வார்த்தைகளை ஒரு சார்ட்டில் எழுதி லேபில் மாட்டவும் செய்தார். கீழே என் பெயர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடலை உருண்டைக்கு வருகிறேன். பள்ளிகள் மறுபடி திறந்த சமயம். பொரித்த பண்டம் மட்டும் போதாது, பிள்ளைகளுக்குச் சத்தாகவும் கொடுக்க வேண்டும் என்று கம்பெனி கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் தொடங்கியிருந்தது. இதில் சாருக்கு ரொம்ப ஈடுபாடு. "முறுக்குல பாதி எண்ணெய்தான் பேசும். உருண்டையில கடலை பேசும், வெல்லம் பேசும். ஆனா சத்து பாக்கெட்டு மேல எழுதியிருந்தா புள்ளைக்குச் சேராது. ருசியா இருந்து உள்ள போனாத்தான் சேரும்" என்பார். வெல்லப் பாகு எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்று அவரே அடுப்படியில் நின்று தண்ணீரில் உருட்டிப் பார்ப்பார். கடலையில் நல்ல புரதம் இருக்கிறது. ஆனால் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால் அதே கடலை ஈரலுக்கு விஷம். வறுத்தாலும் அந்த விஷம் முழுக்கப் போகாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் பெரிய லோடு பள்ளிகளுக்குப் போக வேண்டும். முந்தின சாயங்காலம் நான் வழக்கம் போல மடித்து எடுத்து வந்தேன். ஐந்து மடிப்பு. கன்னியம்மா நான்கைப் பார்த்து முடித்து ஐந்தாவதைப் பிரித்தாள். முகர்ந்தாள். முகம் மாறியது. மறுபடி முகர்ந்துவிட்டுக் காகிதத்தைத் தள்ளி வைத்தாள்.

"இத்த யாரு துண்றது?"

"ஸ்கூல் பசங்க."

"குடுக்காதய்யா. இது நனைஞ்ச கோணி. மழையில நனைஞ்சத வெயில்ல காயப்போடாம மடிச்சி அமுக்கி வெச்சா ஒரு வாடை வருமே, அதான். வெல்லத்தப் போட்டு மூடிக்கினு கீறாங்க. களத்துல மொதலாளி இப்டி கடலைய நல்லதோட கலப்பான். நாங்க வாயில போட மாட்டோம். மொதல்ல இனிக்கும், கசப்பு அப்பால வரும்."

"நிச்சயமா தெரியுமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உன் வேலை சமாச்சாரம் மட்டும்னா நான் யோசிப்பேன். இது பசங்க வாய்க்குப் போறது" என்றாள்.

மறுநாள் தடுப்பில் எனக்கு அந்தக் கிண்ணம் வந்தது. வாயில் போட்டேன். இனிப்பு. நல்ல கடினம். நல்ல பதம். வேறு ஒன்றுமே இல்லை. இரண்டு மார்க் போட்டேன். மற்ற ஐந்து பேரும் ஏழும் எட்டும் போட்டிருந்தார்கள்.

பத்து மணிக்குச் சார் அறைக்குக் கூப்பிட்டார்கள். உற்பத்தி மேனேஜர் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் லேப் அறிக்கை.

"ஈரப்பதம் கரெக்டா கீது, எண்ணெய் கரெக்டா கீது, பூஞ்சை டெஸ்ட்டும் பாஸ். அஞ்சு பேரு ஓகே சொல்றாங்க. இவரு ஒருத்தரு ரெண்டு போட்டாருன்னு லாரிய நிறுத்த முடியுமா சார்?" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. ஆறில் ஒருவர் மட்டும் விலகி நின்றால் அந்த மார்க்கைத் தள்ளிவிடலாம் என்று சார் எழுதிய விதியே இருந்தது. சார் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அபிப்பிராயம் வேணாம் தேவராஜ். அடையாளம்."

"நனைஞ்ச கோணி சார். காயவைக்காம மடிச்சு வச்ச கோணி. வெல்லம் மூடியிருக்கு. கசப்பு கடைசியில வருது."

பித்தளைக் கரண்டியால் ஒரு துண்டை உடைத்து என்னிடம் நீட்டினார். "இன்னொரு தடவை பாருங்க."

வாயில் போட்டேன். இனிப்பைத் தவிர எதுவுமே இல்லை. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாளுக்குத் தப்பாகத் தோன்றியிருந்தால்? 'இப்ப தெரியலை சார்' என்று சொன்னால் எல்லாம் முடிந்தது, லாரி கிளம்பிவிடும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவள் அந்தக் காகிதத்தைத் தள்ளி வைத்த விதம் நினைவுக்கு வந்தது.

"இருக்கு சார்" என்றேன்.

என் வேலையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யும் அதுதான், மிகப் பெரிய உண்மையும் அதுதான்.

சார் எழுந்து குடோனுக்கு நடந்தார். கடலை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எல்லாம் புதுக் கோணி, காய்ந்த கோணி. மேனேஜர் கையை விரித்துக் காட்டினார். சார் குத்தூசியை வாங்கிக்கொண்டார். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே குத்திக் கொஞ்சம் சரக்கு எடுக்கிற குழல் ஊசி அது. முன்வரிசையை விட்டுவிட்டார், லேபுக்கு எடுத்த மாதிரிச் சரக்கு எல்லாம் அந்த வரிசையிலிருந்துதான் வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆட்களைக் கூப்பிட்டு அடுக்கைக் கலைக்கச் சொல்லி, பின்வரிசையில் ஒவ்வொரு மூட்டையாகக் குத்தினார். பதினோராவது மூட்டையில் வந்த கடலையைக் கையில் வைத்து இரண்டாகப் பிளந்தார். பருப்பின் நடுவே பச்சையும் சாம்பலுமாகப் பொடி பூத்திருந்தது. அதற்கடுத்த மூட்டையிலும் அப்படித்தான்.

பிறகு தெரிந்தது. விற்றவரின் கிடங்கில் மழைக்கு நனைந்த மூட்டைகள். கோணியை மட்டும் புதிதாக மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். கோணி போய்விட்டது, அதன் வாடை கடலையில் தங்கிவிட்டது. அந்த லோடு முழுவதையும் அழித்தோம். ஒரு பிள்ளை வாய்க்கும் அது போகவில்லை.

மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'தங்க நாக்கு' என்று எனக்குப் பட்டப்பெயர் வந்தது. ஒரு வாரம் கழித்து ஏதோ தாளில் கையெழுத்து வாங்கச் சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு முடிந்து எழுந்தபோதுதான் பார்த்தேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் பெருங்காயக் குப்பி மூடி இல்லாமல் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்திருந்ததோ. சார் மெதுவாக மூடியை எடுத்து மூடினார்.

அவர் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிண்ணங்களைப் பூட்டப் போனபோது, மேசை மேல் ஒரு தனிப் பொட்டலம் இருந்தது. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு முழுத் துண்டு, எண்ணோடு, அவர் கையெழுத்தில். "இது வீட்டுக்கு" என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை அந்தப் பொட்டலம் நின்றதில்லை. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. தன் விதியைத் தானே மீறினாரே என்று இப்போது யோசித்தால், அவருக்கு வேண்டியது என் நாக்கு இல்லை, சரியான அடையாளம் என்று புரிகிறது.

இதோடு நிறுத்தினால் நான் ஏதோ நல்லவன் மாதிரி ஆகிவிடும். இதற்கு மேல் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது.

சில மாதம் கழித்து, பேனலுக்கு அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களை எடுப்பதாகச் சார் ஒரு அறிவிப்பு போட்டார். படிப்பு தேவையில்லை, நல்ல மூக்கு இருந்தால் போதும். அதில் ஒரு தாளை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, "வீட்டுல காட்டுங்க" என்றார். யாருக்காக அந்த அறிவிப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதை நான்காக மடித்தேன். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கன்னியம்மா தடுப்பில் உட்கார்ந்து வாயைத் திறந்தால், முதல் நாளே சார்ட்டில் இருப்பது யாருடைய பாஷை என்று லேபுக்கே தெரிந்துவிடும். எனக்குப் பயம்.

எதிர் வீட்டு ரமணி எப்படியோ கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். கழுத்தில் அடையாள அட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து காட்டினாள். "உன் வூட்டுக்காரு சொல்லலியாக்கா? அவரு ஆபீஸ்லதான எடுத்தாங்க" என்றாள். கன்னியம்மா அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ரமணி போகும் வரை காத்திருந்தாள்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத்தான் முட்டி வலியாச்சே. பஸ்ஸுல தினம் ஏறி இறங்க முடியுமா?"

"முட்டி வலி காலுக்குத்தான? மூக்குக்கு இல்லியே" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை போடவில்லை, அழவில்லை. அன்று சாயங்காலமும் முகம் கழுவி, பூவை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் மடிப்பை முகர்ந்தாள்.

"நல்லா கீது" என்றாள்.

அடுத்தது. "நல்லா இல்ல."

"எதைப் போல இருக்கு?"

"நல்லா இல்ல. அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை தினமும் முகர்ந்தாள், ஒரு நாளும் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் நல்லா கீது, நல்லா இல்ல, இந்த இரண்டுதான். அபிப்பிராயம் மட்டும் கொடுத்தாள். அடையாளத்தைத் தனக்கே வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் கூட்டம் போட்டார்கள். தங்க நாக்கு என்று எழுதிய கேடயம் கொடுத்தார்கள். கடலை உருண்டைக் கதையை மேனேஜர் மேடையில் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவும் தட்டினாள். பஸ்ஸில் திரும்பும்போது கேடயத்தை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். முந்தானையால் அதன் மேல் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு, "பத்திரமா வெச்சிக்கோ" என்றாள். அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போன வருடம் ஒரு காலையில் நெஞ்சு வலி என்றாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு அவள் எள் முறுக்கு சுட்டு, இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தாள். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு டப்பாவை எடுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. ஒரு வருடமாக அது அலமாரியில்தான் இருந்தது. வீட்டில் தேதிச் சீட்டு ஒட்டாத பாத்திரம் அது ஒன்றுதான்.

போன வாரம் இந்தக் கட்டுரையை வாங்கிப்போக ஹேமா நேரில் வந்தாள். நான் அதுவரை ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. காபி போடுகிறேன் என்று அவளே சமையலறைக்குள் போனாள். சர்க்கரை தேடி அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். நான் வருவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"சார், இது கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுடவா?"

தொழில் புத்தி போகுமா? "அபிப்பிராயம் வேணாம்மா. அடையாளம் சொல்லு" என்றேன்.

அவள் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.

"விளக்குத் திரி சார். நேத்து எரிஞ்சு அணைஞ்சது."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ வருடமாக அந்த வீட்டில் யாரும் பேசாத பேச்சு. சார்ட்டில் படித்ததை அவள் சொன்னாள்; எனக்குக் கேட்டது வேறு குரல். ஹேமா பயந்துபோய் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். கிளம்பும்போது, "இப்ப சொன்னீங்களே, அதையே எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

எழுதிவிட்டேன். இதைப் படிக்கிற புதியவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். லேபில் அந்தச் சார்ட் இன்னும் தொங்குகிறது என்று ஹேமா சொன்னாள். அதன் கீழே இருக்கும் என் பெயரை அடித்துவிட்டு ம. கன்னியம்மாள் என்று எழுதுங்கள். ம என்பது அவள் அப்பா மண்ணாங்கட்டி. கடலைக் களத்தில் கூலி வாங்கும்போது அப்படித்தான் அவள் பெயரைக் கூப்பிடுவார்களாம்.

அன்று ஹேமா போன பிறகு டப்பாவிலிருந்து ஒரு முறுக்கு எடுத்துத் தின்றேன். தின்னக் கூடாத சரக்கு என்று எனக்குத் தெரியும். உப்பு சரியாக இருந்தது. மொறுமொறுப்புக் குறையவில்லை. எள் பல்லில் அகப்பட்டது. காறல் வாசனை எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஒன்பது" என்றேன்.